எங்கள் மணிக்கூடு கடலுக்குள் இருக்கிறது

ஒரு பிள்ளை எழுந்து நின்று பேசாமல் இருந்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், அது எங்கெங்கோ போய்விட்டது. தரம் 10, ஆங்கில மொழிமூல வகுப்பு, மின்விசிறி சுற்றுகிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்துத்தான் சொல்லவேண்டிய வெக்கை. கரும்பலகையில் இரண்டு சமாந்தரக் கோடுகள், அவற்றை வெட்டிக்கொண்டு ஒரு குறுக்கோடி. இரண்டு கோணங்களைச் சுட்டி, இவை ஏன் சமன் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கடைசிக்கு முந்திய வாங்கில் இருக்கும் பிள்ளை எழுந்தாள். நின்றாள். பக்கத்தில் இருந்தவள் வாய்க்குள் ஏதோ சொல்லிக் கொடுத்தாள், இவள் அதையும் எடுக்கவில்லை. சரி, தமிழில் சொல்லு என்றேன். "ஒன்றுவிட்ட கோணம் ரீச்சர். கோடு ரெண்டும் ஒரே பக்கம்தான் போகுது, குறுக்க வாறதும் ஒரே கோடுதான். பிறகு எப்பிடி ரெண்டு இடத்தில ரெண்டு மாதிரி வெட்டும்?" என்றாள். நான் 14 வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். இதை இவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் மனதை அரித்தது. "வெரி குட், ஒல்ட்டர்னேட் ஆங்கிள்ஸ்" என்று கரும்பலகையில் எழுதினேன், வகுப்பே கொப்பியில் எழுதியது, அடுத்த கணக்குக்குப் போய்விட்டோம். அவள் சொன்ன காரணம் எங்கேயும் பதியப்படவில்லை, ஒரு பெயர் மட்டும் பதிந்தது. அதுவும் என்ன பெயர்! ஒன்றுவிட்ட அண்ணன், ஒன்றுவிட்ட மச்சாள் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒன்றுவிட்ட கோணம் என்றால் அது எங்கே இருக்கும் என்று தேடத் தெரியும். ஒல்ட்டர்னேட் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எதையும் தேட முடியாது, மனப்பாடம்தான் செய்யலாம்.

வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி. 2000களின் தொடக்கத்தில் இருந்து எங்கள் பாடசாலைகள் சிலவற்றில் கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்திலும் மற்றவற்றைத் தாய்மொழியிலும் படிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இங்கிலிஷ் மீடியம் என்றால் பெற்றோருக்கு ஒரு பெருமை, அதில் நான் பிழை சொல்லமாட்டேன், என் மகனையும் அதில்தான் விட்டிருக்கிறேன். ஆனால் திருகோணமலையில் அந்த வகுப்புகள் உள்ளே எப்படி நடக்கின்றன என்று எங்களுக்குள் எல்லோருக்கும் தெரியும். கரும்பலகையில் ஆங்கிலம், வாயில் தமிழ். நானே செம்பக்கத்தைப் படித்துப் பல வருடம் கழித்துத்தான் அதன் ஆங்கிலப் பெயரான ஹைப்பொட்டனியூஸைப் படித்தவள். வாயில் தமிழ் இருப்பது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளை பேசாமல் நின்ற அரை நிமிடம்தான் என்னை விடவில்லை. சொல் போதாது என்று முதலில் நினைத்து, சுவர் நிறையச் சொற்பட்டியல் ஒட்டினேன், காலையில் ஐந்து சொல் உரக்கச் சொல்ல வைத்தேன். சொற்கள் வந்தன. பேச்சு வரவில்லை.

கொடிகளும் கொத்து ரொட்டியும்

ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி ஒன்றில் போலந்தைச் சேர்ந்த ஒரு கணித ஆசிரியையுடன் ஒரே குழுவில் போடப்பட்டேன். கிராக்கோவ் நகரத்துக்காரி. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய ஈட்வினிங் என்ற ஏற்பாட்டில் வெவ்வேறு நாட்டுப் பாடசாலைகள் சேர்ந்து செயற்றிட்டம் செய்வார்கள், அவர் அதில் பழகியவர். பாடத்தையும் மொழியையும் ஒன்றாகப் படிப்பிப்பதற்கு 1990களில் ஐரோப்பாவில் க்ளில் என்று பெயர் வைத்தார்களாம். நாங்கள் பெயர் வைக்காமலே செய்துகொண்டு, அதுவும் அரைகுறையாகச் செய்துகொண்டு இருந்தோம். நம் நாடு அந்த ஐரோப்பிய ஏற்பாட்டுக்குள் இல்லை, ஆகவே எங்களுக்குள் பேசி, அதிபரிடம் அனுமதி வாங்கி, மின்னஞ்சலும் ஒரு கூகுள் ஷீட்டும் வைத்துத் தொடங்கினோம்.

முதல் மாதம் முழு வீண். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் கொடி வரைந்தோம். கோணேசர் கோயிலின் படமும் கொத்து ரொட்டியின் படமும் போனது, பனியும் ஏதோ ஒரு சூப்பும் வந்தது. "மை கன்ட்ரி" என்று பத்துப் பிள்ளைகள் பத்து ஸ்லைட் செய்தார்கள், பத்திலும் யானை. சர்வதேசக் கூட்டுச் செயற்றிட்டம் என்று பாடசாலைகள் பெருமையாகப் படம் போடுகிறவற்றில் கனக்க இந்த இடத்திலேயே முடிந்து, ஒரு சான்றிதழோடு சுவரில் ஏறிவிடும் என்பது என் அனுமானம். எங்களுடையதும் அப்படியே முடிந்திருக்கும். அந்த ஆசிரியைதான் எழுதினார், நாம் இரண்டு பேரும் கணித ஆசிரியர்கள், இதில் கணிதம் எங்கே என்று. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

அப்புறம்தான் தடிக்கு வந்தோம். எரதொஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் பூமியை அளந்த கதை எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு, எகிப்தின் சையீன் ஊர்க் கிணற்றின் அடிவரை விழுந்த வெயில், அதே வேளை அலெக்சாந்திரியாவில் நிழல், வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு கோணம், அதிலிருந்து பூமியின் பரிதி. அந்தக் கணக்கின் நடுவில் நிற்பது வேறொன்றும் இல்லை, அந்த ஒன்றுவிட்ட கோணம்தான். சூரியக் கதிர்கள் சமாந்தரம், பூமியின் மையத்துக்குப் போகும் கோடு குறுக்கோடி. இதை உலகத்தில் பல பாடசாலைகள் சேர்ந்து செய்கின்றன. பகலும் இரவும் சமனாக வரும் மார்ச் 20 அளவில், இரண்டு ஊர்களிலும் ஒரு மீற்றர்த் தடியை நட்டு, அந்தந்த ஊரின் நடுப்பகலில் நிழலை அளந்து, கோணங்களின் வித்தியாசத்தை எடுக்கவேண்டும். திட்டத்தை வகுப்பில் சொன்னவுடன் ஒருவன், "ரீச்சர், எங்கட ஊர்ப் பேரிலயே கோணம் இருக்கு, நாங்கதான் செய்யவேணும்" என்றான். திரு, கோணம், மலை. இதைப் போலந்துக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்று அவர்களுக்குள் அரை மணித்தியாலம் சண்டை.

மைதானத்தில் நட்டது ஒரு தும்புத்தடியின் பிடி, சரியாக ஒரு மீற்றருக்கு அறுத்தது. நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க ஒருவன் தன் அப்பாவின் தூக்குக்குண்டைக் கொண்டுவந்தான், அப்பா மேசன். ஒத்திகை நாளில் ஒரு மான் வந்து தடியை மோந்து, சாய்த்துவிட்டுப் போனது. கோட்டைப் பக்கத்து மான்கள் நகரமெல்லாம் திரிவது எங்களுக்குச் செய்தியே இல்லை. அந்தப் படம் போலந்துக்குப் போனபோதுதான் அவர்கள் முதன்முதலாக எங்களிடம் தாங்களாக ஒரு கேள்வி கேட்டார்கள்: மானை யார் வளர்ப்பது? பத்து யானை ஸ்லைடுக்கு வராத பதில் ஒரு மானுக்கு வந்தது.

அன்றைக்கு 12 மணியில் இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை நிழலின் நுனியில் ஆணி குத்தினோம். 12 மணிக்கு 16 சென்ரிமீற்றர். 12.05க்கு 15.4. 12.10க்கு 15.1. 12.15க்கும் 15.1. 12.20க்கு மறுபடி 15.4. எந்தக் கணத்தில் நிழல் ஆகக் குறைந்தது என்று கண்ணால் பிடிக்கவே முடியாது, அந்த நேரத்தில் நீளம் மாறுவது அவ்வளவு மெது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே எண் வருகிறதே, அப்படியென்றால் நடுதான் நடுப்பகல் என்று பிள்ளைகளே பிடித்தார்கள். 12.12, அல்லது 12.13. திரிகோணகணிதம் தரம் 11இல்தான் வரும், ஆகவே அளவிடைப் படம் வரைந்து பாகைமானியை வைத்தோம். எட்டரைப் பாகை.

காற்புள்ளி

போலந்தின் அளவீடு பின்னேரம் வந்தது. நிழல்: 1,194 மீற்றர். வகுப்பே சிரித்தது. ஆயிரத்து நூற்றித் தொண்ணூற்று நாலு மீற்றர் நிழல், ஒரு மீற்றர்த் தடிக்கு! "பொய் அடிக்கிறாங்க ரீச்சர்" என்றான் மேசனின் மகன். எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. போலந்தில் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான் வைப்பார்கள். அது ஒரு மீற்றரும் பத்தொன்பது சென்ரிமீற்றரும் சொச்சமும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்று வந்தது. வகுத்தலுக்கு அவர்கள் இரண்டு புள்ளி வைத்திருந்தார்கள், எங்கள் பிள்ளைகள் அதை விகிதம் என்று வாசித்து முழுக் கணக்கையும் குழப்பிவிட்டார்கள். தான்சன் என்ற திரிகோணகணித விகிதத்தை அவர்கள் டீ, ஜீ என்ற இரண்டு எழுத்தில் எழுதினார்கள். பூமியின் பரிதியை "சேர்கிட் ஒஃப் ஏர்த்" என்று எழுதியிருந்தது, மின்சுற்றா என்று இவர்கள் கேட்டார்கள். போலிஷ் மொழியில் சுற்றளவுக்கும் மின்சுற்றுக்கும் ஒரே சொல்தானாம். கணிதம் உலகப் பொதுமொழி என்று நான் எத்தனை பரிசளிப்பு விழாவில் பேசியிருக்கிறேன்! இனிமேல் கொஞ்சம் அடக்கி வாசிக்கவேண்டும்.

இதற்குள் ஒரு வேடிக்கை. எங்கள் பிள்ளைகள் தடியின் நிழலை "ஷேட்" என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் அது மர நிழல் மாதிரி ஒதுங்குகிற நிழல், உருவம் விழுகிற நிழலுக்கு "ஷாடோ". தமிழில் இரண்டும் நிழல்தான். ஆங்கிலம் படிப்பிக்கும் சேர் அதைக் கண்டு சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, "ரீச்சர், இந்த லட்சணத்தில இதை வெளிநாட்டுக்கு அனுப்பிறீங்களா?" என்றார். ஆனால் வெளிநாட்டில் ஒருவருக்கும் அது இடறவே இல்லை. போலிஷிலும் இரண்டுக்கும் ஒரே சொல். அவர்களும் ஷேட் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். கிராக்கோவிலும் திருகோணமலையிலும் தடிகளுக்குக் கீழே மர நிழல் விழுந்துகொண்டிருந்தது, இரண்டு பக்கமும் சரியாக விளங்கிக்கொண்டது. சேர் சொன்னது சரிதான், பரீட்சைத் தாளில் ஷேட் செல்லாது. ஆனாலும் நான் அந்தத் தாளைத் திருத்தாமல்தான் அனுப்பினேன். எனக்கு அதில் இருந்த நிம்மதி வேறு. மறுபக்கம் இருந்தவர்களுக்கும் ஆங்கிலம் இரவல்தான். ஒரு வெள்ளைக்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்ற பயம் எங்கள் பிள்ளைகளுக்கு மெல்ல மெல்லக் கழன்றது, நிறத்தில் அவர்கள் வெள்ளைக்காரர்தான் என்பது வேறு கதை.

"வை இஸ் யுவர் சன் லேட்?"

வீடியோ அழைப்பு அவர்களுக்குக் காலை 9 மணி, எங்களுக்கு 1.30. பாடசாலை விட்டுப் பசியோடு இருந்த இருபத்திரண்டு பேருக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து இருத்தியிருந்தேன். முதல் பத்து நிமிடம் எழுதி வைத்ததை வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள், ஒரு பிரயோசனமும் இல்லை. பிறகு போலந்துப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பையன் எழுதாத கேள்வி ஒன்றைக் கேட்டான். எங்கள் நடுப்பகல் 11.48, உங்களுடையது 12.12 என்று போட்டிருக்கிறீர்கள், "வை இஸ் யுவர் சன் லேட்?" உங்கள் மணிக்கூடு பழுதா என்றும் சேர்த்துக் கேட்டான். கிண்டலில்லை, அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

வகுப்பு அமைதி. எனக்குப் பழகிய அதே அமைதி. நான் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். திரையில் அந்த ஆசிரியை என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார், பொறுங்கள் என்று. மூடினேன். அந்த இருபது செக்கன் மாதிரி நீளமான இருபது செக்கனை நான் வகுப்பறையில் கண்டதில்லை. கடைசிக்கு முந்திய வாங்கு அசைந்தது. அந்தப் பிள்ளைதான். புவியியல் அறையில் இருந்து கொண்டுவந்து தொங்கவிட்டிருந்த படத்துக்குப் போனாள், அடிமட்டத்தை எடுத்து எங்கள் கரையில் வைத்து, கிழக்கே நகர்த்தி, நீலத்தின் நடுவில் நிறுத்தினாள். "அவர் குளொக் இஸ் நொட் இன் ட்ரிங்கோ. அவர் குளொக் இஸ் இன் த சீ."

அவள் சொன்னது இதுதான். இலங்கை நேரம் கிறீன்விச்சில் இருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை என்றால் எண்பத்திரண்டரைப் பாகைக் கிழக்கு நெட்டாங்கு. அந்தக் கோடு இலங்கை நிலத்தை எங்கேயும் தொடுவதில்லை. திருகோணமலை 81.23இல் இருக்கிறது, ஆக எங்கள் கரையில் இருந்து ஏறக்குறைய 140 கிலோமீற்றர் கிழக்கே, நடுக்கடலில் போகிறது எங்கள் நேரம். முந்திய வாரம் இதை நான் வெறும் பெருக்கலாகக் கரும்பலகையில் செய்து காட்டியிருந்தேன், கடல் என்ற சொல் என் வாயில் வரவே இல்லை. அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். அந்தக் கோட்டில் எந்த ஊர் இருக்கிறது என்று தொப்பிக்காரன் கேட்டான். "நோ டவுன். ஒன்லி ஃபிஷ்." இரண்டு பக்கமும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, முடிக்கவேண்டிய வேலை பாக்கி இருந்தது. சூரியன் முதலில் கடலுக்கு வரும், பிறகு எங்களுக்கு. முன், பின் என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் மாறி மாறி வந்து குழம்பியதும் அவற்றை விட்டுவிட்டுக் கையால் காட்டினாள், ஒரு கை சூரியன், ஒரு கை ஊர். "ஒன் டிகிரி, ஃபோர் மினிட்ஸ்." ஒன்றேகால் பாகைக்கு ஐந்து நிமிடம்.

அதோடு விட்டிருந்தால் நல்ல கதையாக முடிந்திருக்கும். தொப்பிக்காரன் விடவில்லை. பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு, அந்த ஏழு எங்கே? நான் என் பிள்ளைகளைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது. ஆணி குத்தியதில் பிழையோ, மணிக்கூடு பிழையோ என்று மனதுக்குள் ஓடியது. அந்த நேரத்தில் போலந்துப் பக்கத்தில் ஒரு பிள்ளை தங்கள் கணக்கைச் செய்யத் தொடங்கினாள். அவர்கள் நேரத்தின் கோடு 15 பாகை, கிராக்கோவ் இருப்பது ஏறக்குறைய 20இல். ஐந்து பாகை, இருபது நிமிடம் முந்தவேண்டும், 11.40க்கு நடுப்பகல் வந்திருக்கவேண்டும். வந்தது 11.48க்கு. எட்டு நிமிடம் மிச்சம். எங்கள் பக்கத்தில் யாரோ, யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, "யூ ஆல்ஸோ!" என்று கத்தினார்கள். அங்கே ஏழெட்டு, இங்கே ஏழெட்டு. ஊர் வேறு, கோடு வேறு, மணிக்கூடு வேறு, மிச்சம் மட்டும் ஒன்று. அப்படியென்றால் பிழை எங்கள் ஊரிலும் இல்லை, அவர்கள் ஊரிலும் இல்லை. "அப்ப சூரியனிலதான் ரீச்சர்" என்றாள் அந்தப் பிள்ளை, தமிழில், என்னைப் பார்த்து. பிறகு திரும்பி அவர்களுக்கும் சொன்னாள்: "ப்ரொப்ளம் இஸ் சன்."

சரியாகச் சொன்னால் பிரச்சினை பூமியில். அன்றிரவு இருந்து படித்தேன். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, அதன் அச்சும் சரிவு. ஆகவே ஒரு நடுப்பகலில் இருந்து அடுத்த நடுப்பகலுக்குச் சரியாக 24 மணித்தியாலம் வருவதில்லை. மணிக்கூடு சராசரியைக் காட்டுகிறது. பெப்ரவரி நடுப்பகுதியில் சூரியன் அதற்கு 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். மார்ச் 20இல் ஏழரை நிமிடம் பிந்தும், உலகம் முழுக்க. பட்டம் எடுத்த கணித ஆசிரியை இதைத் தெரிந்துகொள்ள தும்புத்தடியும் தொப்பி போட்ட பையனும் வேண்டியிருந்தது.

மற்றது, நேரம் என்பது யாரோ முடிவெடுத்து வைப்பது என்பது எங்கள் ஊரின் பெரியவர்களுக்குப் புதினமில்லை. 1996இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், அந்த வருடமே அரை மணித்தியாலம் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அந்தக் காலம் முழுக்கப் பழைய நேரம்தான். கோயிலில் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டால், பழைய நேரமா புதிய நேரமா என்று திருப்பிக் கேட்ட அம்மம்மாவின் குரல் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டார்கள்: அந்த வருடங்களில் மார்ச் 20 நடுப்பகல் 12.42க்கு வந்திருக்கும். அம்மம்மா பாவம், சூரியன் தன் பக்கம்தான் என்று தெரியாமலே போய்விட்டா.

அந்த விரல்

திரையில் தூக்கிய அந்த விரலைப் பற்றித்தான் கனக்க யோசித்தேன். சமாந்தரக் கோடுகளைக் காட்டி நான் கேட்ட "ஏன்" ஒரு பொய்க் கேள்வி. விடை எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும், தெரிந்தவளுக்கு எதற்கு இரவல் மொழியில் விளங்கப்படுத்தவேண்டும்? தமிழில் கேட்டபோது மட்டும் சொன்னாள், அது என் மேல் இருந்த மரியாதைக்காக. தொப்பிக்காரனுக்குத் தெரியாது. அவனுக்குத் தமிழும் தெரியாது. அவனுக்கு விளங்கவைக்க இருந்த ஒரே வழி அந்தப் பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொல்லும் ஒரு அடிமட்டமும் இரண்டு கையும்தான். சுவர் நிறைய நான் ஒட்டிய சொற்களில் இரண்டோ மூன்றோதான் அவளுக்கு உதவின. மீனும் கடலும் என் பட்டியலில் இருக்கவில்லை.

இதை வைத்து ஆகா ஓகோ என்று எழுத எனக்கு மனமில்லை. இருபத்திரண்டு பேரில் அன்று வாய் திறந்தது ஆறோ ஏழோ பேர். தவணைப் பரீட்சைப் புள்ளிகளில் நான் சொல்லிக் காட்டக்கூடிய மாற்றம் ஒன்றும் இல்லை, ஷேட் என்று எழுதியதற்கு ஆங்கிலத் தாளில் ஒருவனுக்கு உண்மையாகவே புள்ளி போனது. பாடத்திட்டத்தில் நான் இரண்டு வாரம் பின்தங்கினேன், அதற்கு எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுதப்போவதில்லை. பூமியின் பரிதி 39,900 கிலோமீற்றர் வந்தது, துருவங்களூடாகச் சுற்றினால் உண்மையில் 40,008. பிள்ளைகள் துள்ளினார்கள். நான் முழுதாகத் துள்ளவில்லை. ஏனென்றால் இரண்டு அகலாங்குகளுக்கும் இடையே 4,600 கிலோமீற்றர் என்ற தூரத்தை இணையப் படத்தில் அளந்தோம், பூமியின் அளவு தெரிந்தவர்கள் செய்த படம் அது. திருடனிடமே சாவி வாங்கிக் கதவு திறந்த மாதிரி. இதையும் ஒரு பிள்ளைதான் கேட்டது, அதற்கு எங்களிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. கிராக்கோவிலும் இல்லை.

ஏப்ரலில் சித்திரை வருடப்பிறப்புக்குப் பாடசாலை மூடிவிட்டது. ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் சூரியன் தெற்கில் இருந்து வடக்காக ஒவ்வொரு ஊருக்கும் நேர் உச்சியில் வரும், வளிமண்டலவியல் திணைக்களம் ஊர்ப் பெயர்களோடு அறிவிக்கும், நாங்கள் வெயில் என்று புறுபுறுத்துவிட்டு விட்டுவிடுவோம். திருகோணமலைக்கு அது ஏப்ரல் 11, 12 அளவில். நான் பலகாரச் சூட்டில் நின்றபோது குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அந்தப் பிள்ளையின் வீட்டுக் கிணறு, மேலே இருந்து எடுத்தது. சுற்றுச்சுவரில் எந்தப் பக்கமும் நிழல் இல்லை, அடித் தண்ணீர் வரை வெயில் இறங்கிப் பச்சையாகக் கிடந்தது. கீழே ஆங்கிலத்தில், கிணற்றில் ஷேட் இல்லை என்றும் நேரம் 12.06 என்றும் எழுதியிருந்தாள். கடலின் ஐந்து நிமிடம் அப்படியே இருக்கிறது, அந்த ஏழு ஒன்றாகக் குறைந்துவிட்டது. அதை அவள் விளங்கப்படுத்தவில்லை, எண்ணை மட்டும் போட்டிருந்தாள், தொப்பிக்காரன் கண்டுபிடிக்கட்டும் என்று போல.

அவன் கண்டது வேறு. தண்ணீரின் நடுவில் கறுப்பாக உருண்டையாக ஒன்று தெரிகிறதே, அது என்ன என்று கேட்டிருந்தான். கிணற்றுக்கு மேலே தலையை நீட்டாமல் எப்படிப் படம் எடுப்பது?

"மீ" என்று மட்டும் பதில் போட்டிருந்தாள். ஆங்கிலம் படிப்பிக்கும் சேருக்கு நான் இன்னும் இதைக் காட்டவில்லை.